ஆரஞ்சுக் கூம்பு

மகள் பனிரெண்டாவதில் வாங்கிய அரசாங்க லேப்டாப்.
மூடியில் கோபுரம் பாதி தேய்ந்துவிட்டது.
பெங்களூருக்குப் போகும்போது அவள் விட்டுப்போனது
இதுவும் ஒரு ஜோடி செருப்பும்.

விலாசினியின் தங்கை கொழிஞ்சாம்பாறையிலிருந்து
பென்டிரைவில் ஒரு படம் கொடுத்தனுப்பியிருந்தாள்.
லேப்டாப்போடு வந்த பிளேயர்
படத்தைக் காட்டியது, சத்தத்தை விழுங்கிவிட்டது.
எடைமேடையில் இருபது வருசம் உட்கார்ந்தவன் நான்.
பாதிப் பாரத்தை வழியில் இறக்கிவிட்டு
முழு ரசீது கேட்கிறவனைப் பார்த்தால் தெரியும்.

வேறொன்று தேடினேன்.
'இலவசம்' என்று ஒரே பக்கத்தில் நாலு பச்சைப் பொத்தான்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் லாரி நின்றதும்
நான்தான் ஆபீஸ், நான்தான் ஆபீஸ் என்று
ஓடிவருவார்களே, அந்த மாதிரி.
எதையோ அழுத்தினேன். எதுவோ இறங்கியது.
முப்பது நாள் இலவசம் என்றது.
படத்தின் நட்டநடுவில் கம்பெனி பெயரை அடித்தது,
நாயகியின் கன்னத்தில் ஒரு எழுத்து.
கூப்பிடாமல் கூட வந்தவை:
ஒரு சீட்டாட்டம்,
கணினியைக் கூட்டித் துடைப்பதாகச் சொல்லும் ஒரு விளக்குமாறு.
நீக்கப் போனால்
"நிச்சயமாகவா?" என்று மூன்று முறை மூக்கைச் சிந்துகிறது.

லாரிக்கார ஷாஜகானுக்குப் போன் போட்டேன்.
"ரோட்டுல வைக்கிற கூம்பு இருக்கும்ல அண்ணே,
அந்தப் படம் போட்டது.
காசு கேக்காது. எதைக் குடுத்தாலும் தின்னும்."
சிரித்துவிட்டேன்.
வண்டியை நிறுத்தத்தானே அந்தக் கூம்பு.
எடைமேடை வாசலில் ஆறு வைத்திருக்கிறோம்.
காற்றில் ஒன்று உருண்டு போனாலும்
முதலாளி என் சம்பளத்தில் பிடிப்பார்.

எங்கள் வீட்டில் வாசல் தமிழ்நாட்டு டவர்,
அடுப்படி கேரளா டவர்.
இரண்டும் சேர்ந்து நழுவும் இடத்தில்
சன்னல் கம்பியில் போனை மஞ்சப்பையில் கட்டித் தொங்கவிட்டு
அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நாற்பது எம்.பி., முக்கால் மணி நேரம்.

இறங்கியது. திறந்தது.
பணம் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை,
பிறந்த தேதி கேட்கவில்லை.
ஒரு மூலையில் எழுதியவர்களின் பட்டியல்,
வாயில் நுழையாத பெயர்களாக இறங்கிக்கொண்டே போனது.
இவர்களில் ஒருவருக்கும்
நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

சத்தம் வந்தது. ஆட்டோ, நாய், யாரோ இருமுவது.
வசனம் மட்டும் உதட்டுக்கு அரை நொடி முன்னால்.
ஒரு விசையைத் தட்டித் தட்டிப் பின்னுக்கு இழுத்தேன்.
பத்தாவது தட்டில்
பின்சக்கரமும் மேடையேறிய லாரிபோல
சொல் வாயில் வந்து உட்கார்ந்தது.

"பாத்தியா" என்று திரும்பினேன்.
"இன்டர்வெல் வரைக்கும் பாத்தாச்சு" என்றாள்.
நான் சன்னலோரம் நின்ற நேரமெல்லாம்
அந்த ஊமைப் பிளேயரிலேயே ஓடவிட்டிருக்கிறாள்.
"அந்த மீசைக்காரன் பொய்யி. வாயைப் பாத்தாலே தெரியும்."

பதினெட்டு வருசம் ஸ்பின்னிங் மில்.
வலது காது முழுசாக, இடது பாதி.
தறிகெட்ட இரைச்சலில் தோழிகளோடு பேசிப் பழகி
உதட்டைப் படிப்பவள்.
எனக்குத் தெரியாததில்லை.
ஆனால் இவ்வளவு நேரம்
யாருக்காகச் சத்தம் தேடினேன்?

"எழுத்துப் பெருசாகுமா இதுல?" என்றாள்.
ஆகிறது. பெரிதாக்கினேன். இன்னும் என்றாள்.
மஞ்சளாக்கினேன்.
திரையின் கால்வாசியை மலையாளம் பிடித்துக்கொண்டது.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
அவள் படித்தாள், நான் கேட்டேன்,
சிரிப்பு அவளுக்குத்தான் முதலில் வந்தது.

கதையில் மழை பிடித்தது.
"சத்தமா பெய்யுதா?" என்று கேட்டாள்.
"ஆமா" என்றேன்.
படத்தை நிறுத்திப் பார்த்தேன்.
மழை நிற்கவில்லை.

"வெளியிலயும்தான்" என்றேன்.
என் உதட்டையே பார்த்திருந்தவள் எழுந்து
டார்ச்சை எடுத்து நீட்டினாள்.
"போய்க் கூம்பை எடுத்து உள்ள வை."